ஒவ்வாமைக் கிளினிக்குக்கு முதன்முறை போகமுன்

ஒவ்வாமைக்கு முதன்முறையாக டொக்டரைப் பார்க்கப் போகிறவர்களில் பலர், ஒரு இரத்தச் சோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற எண்ணத்தோடுதான் வீட்டிலிருந்து வெளிக்கிடுகிறார்கள். அது சரியான எண்ணமில்லை. உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பதில் பெரும்பங்கு நீங்கள் சொல்லும் விபரத்துக்குத்தான். சோதனை அந்த விபரத்தை உறுதிப்படுத்தும், அல்லது சந்தேகத்தை நீக்கும். விபரமே இல்லாமல் செய்த சோதனை பல வேளைகளில் குழப்பத்தைத்தான் கூட்டும். நெரிசலான கிளினிக்கில் டொக்டரோடு கதைக்கக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களுக்கான ஆயத்தத்தை வீட்டிலேயே செய்துகொண்டு போகவேண்டும்.

முதலில், இது கிளினிக் நாள்வரை பொறுக்கக்கூடியதா?

தோலில் தடிப்பு, கடி, தும்மல், கண் சிவத்தல் என்பவை மட்டும் என்றால் கிளினிக் நாள்வரை பொறுக்கலாம். தொண்டை இறுகுதல், நாக்கு வீங்குதல், குரல் கரகரத்து மாறுதல், மூச்சு முட்டுதல், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தல், தலைசுற்றி மயங்குதல் ஆகியவற்றில் ஏதாவது சாப்பாட்டுக்கோ ஊசி மருந்துக்கோ குளவிக் கொட்டுக்கோ பிறகு வந்தால் அது அவசரம். 1990க்கு அழையுங்கள். இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது. அம்புலன்ஸ் வரும்வரை ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்திவிடுங்கள். மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டால் உட்கார்ந்திருக்க விடுங்கள். எழுப்பி நடக்க விடவேண்டாம், ஏனென்றால் இரத்த அழுத்தம் விழுந்திருக்கும் நேரத்தில் எழும்பி நிற்பதே ஆபத்தாக முடியலாம்.

இந்த நிலைக்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. பிரிற்றன் குளிசை அதற்கு ஈடாகாது. தடிப்பும் கடியும் அதில் குறையலாம், ஆனால் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் அது காப்பாற்றாது. "ஒரு பிரிற்றன் போட்டுப் பார்ப்பம்" என்று காத்திருப்பதில் போகும் நேரம் திரும்பி வராது.

அப்படியான ஒரு தாக்கம் ஏற்கெனவே வந்து வாட்டில் இருந்தவர்கள், துண்டு வெட்டும்போது தந்த நோய் விபர அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். கிளினிக் டொக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். அது நடந்து எத்தனை கிழமை என்பதையும் சொல்லுங்கள். பெரிய தாக்கத்துக்குப் பிறகு சில கிழமைகள் தோல் சோதனை சரியான பதில் தராமல் போகலாம் என்பதால், வழமையாக 4 முதல் 6 கிழமை விட்டே அதைச் செய்வார்கள்.

எங்கே போவது

குடும்ப டொக்டரிடமோ, பக்கத்து ஆஸ்பத்திரியின் ஓபிடியிலோ தொடங்குவதுதான் நல்லது. அவர்கள் கடிதம் தந்தால் பெரியாஸ்பத்திரியில் உரிய கிளினிக்குக்குப் போகலாம். தோலில் என்றால் தோல் நோய்ப் பிரிவு, மூக்கடைப்பும் தும்மலும் என்றால் காது மூக்குத் தொண்டைப் பிரிவு, தொய்வு என்றால் சுவாச நோய்ப் பிரிவு, பிள்ளை என்றால் சிறுவர் பிரிவு. எங்கே போவதென்று நீங்களே முடிவெடுத்து வரிசையில் நிற்பதைவிடக் கடிதத்தோடு போவது ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

மேலதிகச் சோதனை தேவைப்பட்டால் கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் நிர்ப்பீடனவியல் (நோய் எதிர்ப்புச் சக்தி) பிரிவுக்கு அனுப்பக்கூடும். அங்கே போகிறவர்கள் கடிதத்தில் தரப்பட்ட திகதியையும், சோதனைக்கு முதல் எந்த மருந்தை எத்தனை நாள் நிறுத்தவேண்டும் என்பதையும் தொலைபேசியில் உறுதிப்படுத்தாமல் பஸ் ஏறவேண்டாம். இரவு முழுக்கப் பிரயாணம் செய்து விடியப் போய்ச் சேர்ந்த பிறகு, "முந்தநாள் தடிமன் மருந்து குடித்தீர்களா, அப்படியென்றால் இன்றைக்குச் செய்யமுடியாது" என்று திருப்பி அனுப்பினால் காசும் லீவும் வீண். சிங்களமோ ஆங்கிலமோ தெரிந்த ஒருவர் கூடப் போவது நல்லது. அது முடியாவிட்டால் உங்கள் விபரத்தைக் குடும்ப டொக்டரைக் கொண்டு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுவித்துக் கொண்டுபோங்கள்.

விபரத்தை எழுதுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இதற்குத்தான். ஒரு கொப்பி எடுத்து, நடந்த ஒவ்வொரு தாக்கத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நிமிடத்தில் தொடங்கியது, உடம்பில் எங்கே தொடங்கி எங்கே பரவியது, எவ்வளவு நேரம் நின்றது, என்ன மருந்தோடு அடங்கியது. அதே சாமானை அதற்கு முன்போ பின்போ பிரச்சினையில்லாமல் சாப்பிட்டிருக்கிறீர்களா என்பதை மறக்கவேண்டாம். இந்த ஒரு கேள்விக்கான பதிலே பல சந்தேகங்களை அந்த இடத்தில் முடித்துவிடும்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், உடனடி வகை உணவு ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து 2 மணித்தியாலத்துக்குள் தெரிந்துவிடும். திங்கட்கிழமை சாப்பிட்ட கத்தரிக்காய்க்குப் புதன்கிழமை தடிப்பு வந்தால் கத்தரிக்காயைக் குற்றம் சொல்வது கடினம். இதற்கு விலக்கும் உண்டு. மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி போன்றவற்றுக்கு வரும் ஒருவகை ஒவ்வாமை 3 முதல் 6 மணித்தியாலம் கழித்துத்தான் தலைகாட்டும். இரவுச் சாப்பாட்டில் இறைச்சி, நடுச்சாமத்தில் உடம்பு முழுக்கத் தடிப்பு என்றால் அதையும் எழுதுங்கள். உண்ணி கடித்த ஞாபகம் இருந்தால் அதையும் சேருங்கள். அந்தக் கடிக்கும் இந்த ஒவ்வாமைக்கும் தொடர்பு உண்டு.

எங்கள் சாப்பாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. "கூழ் குடித்தேன், தடித்தது" என்றால் டொக்டருக்கு ஒன்றும் விளங்காது. ஒடியல் மா, மீன், இறால், நண்டு, கணவாய், பயித்தங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை என்று ஒரு பானைக்குள் எத்தனை சாமான்! அன்றைய கூழுக்குள் போட்டது எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு, அவற்றில் எதையெல்லாம் வேறு நாளில் தனியாகச் சாப்பிட்டு ஒன்றும் வரவில்லையோ அதற்கு நேரே ஒரு அடையாளம் போடுங்கள். மிஞ்சுவது இரண்டு மூன்று சாமானாகத்தான் இருக்கும்.

"கடலுணவு ஒத்துக்கொள்ளாது" என்று ஒரே சொல்லில் முடிப்பதும் அப்படித்தான். இறாலுக்கும் நண்டுக்கும் ஒவ்வாமை தரும் புரதம் ஏறத்தாழ ஒன்று. ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றதும் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. மீனிலுள்ள புரதம் வேறு. இறால் ஒத்துக்கொள்ளாதவர் விளைமீன் குழம்பைக் காலமெல்லாம் நிம்மதியாகச் சாப்பிடலாம். பாஷையூரிலோ குருநகரிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இறால் புரதத்தைப் போன்ற ஒன்று வீட்டுத் தூசிச் சிற்றுண்ணியிலும் கரப்பொத்தானிலும் இருக்கிறது. ஆகவே தும்மல், தொய்வு இருந்தால் சாப்பாட்டுக் கதையோடு சேர்த்து அதையும் சொல்லுங்கள்.

சூரை மீனைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. சூரை, கெளவல்லா போன்ற மீன்களைப் பிடித்தபின் போதிய ஐஸ் இல்லாமல் வைத்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். ஒவ்வாமை வரும்போது எங்கள் உடம்பே சுரந்து தடிப்பையும் கடியையும் உண்டாக்கும் இரசாயனம் அது. சமைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டுச் சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடிக்கும். பார்வைக்கு ஒவ்வாமை போலவே இருந்தாலும் அது நஞ்சேற்றம்தான், ஒவ்வாமை இல்லை. அடையாளம் என்னவென்றால், அதே மீனைச் சாப்பிட்ட வேறு ஆட்களுக்கும் வந்திருக்கும். ஆகவே "அன்றைக்கு வீட்டில் வேறு யாருக்கு வந்தது" என்பதையும் எழுதுங்கள். காச நோய்க்கு ஐசோனியாசிட் குளிசை எடுக்கிறவர்களுக்கு இந்தத் தாக்கம் இன்னும் இலகுவாக வரும் என்பதால், அந்த மருந்து எடுத்தால் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும்.

சாப்பாட்டோடு சேர்ந்து நடந்தவற்றையும் குறியுங்கள். சாப்பிட்ட உடனே தோட்ட வேலை செய்தீர்களா, சைக்கிள் மிதித்தீர்களா, அன்றைக்குக் கள்ளு குடித்தீர்களா, நோவுக் குளிசை ஏதும் போட்டீர்களா? சிலருக்கு உணவு மட்டும் போதாது, இவற்றில் ஒன்று சேர்ந்தால்தான் தாக்கம் வரும்.

மூக்கும் மூச்சும் பிரச்சினை என்றால் காலத்தை எழுதுங்கள். சோளகம் வீசித் தூசி பறக்கும் மாதங்களில் கூடுகிறதா, மாரியில் சுவர் ஈரம் காத்துப் பூஞ்சணம் பிடிக்கும்போது கூடுகிறதா, அல்லது வருடம் முழுக்க விடிய எழும்பும்போது மட்டும் தும்மலா? மூன்றாவது என்றால் மெத்தையிலும் தலையணையிலும் உள்ள தூசிச் சிற்றுண்ணியைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். சாம்பிராணிப் புகையும் நுளம்புத்திரிப் புகையும் ஒவ்வாமை இல்லாத மூச்சுக்குழாயையும் உறுத்தும். அதனால் புகைக்கு இருமல் வருவதையும் தூசிக்குத் தும்மல் வருவதையும் தனித்தனியே எழுதவேண்டும்.

தோட்டக்காரர்கள் பாதீனியத்தைக் குறிப்பிட மறக்கவேண்டாம். எங்கள் காணிகளில் வெள்ளைப் பூவோடு பரவிக் கிடக்கும் அந்தச் செடி, முகம், கண் இமை, கழுத்து, கை மடிப்பு என்று வெளியில் தெரியும் இடங்களில் தோலைத் தடிக்கவைத்துக் கறுக்கப்பண்ணும். பெண்களுக்கு ஒட்டுப்பொட்டு, குங்குமம், கவரிங் நகை, தலைமயிர்ச் சாயம் இவற்றையும் சொல்லவேண்டும். தோலில் வரும் இடமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

படமும் எடுத்துக்கொள்ளுங்கள். தடிப்பு கிளினிக் நாள் பார்த்து வராது. பகல் வெளிச்சத்தில், ஒன்று கிட்ட, ஒன்று எட்ட இருந்து எடுங்கள். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனையால் கோடு போட்டு நேரத்தைக் குறித்து, அதே இடத்தில் 24 மணித்தியாலத்துக்கு மேல் நிற்கிறதா, போகும்போது கண்டல் போல் தழும்பு விடுகிறதா என்று பாருங்கள். சாதாரணத் தடிப்பு ஒரு நாளுக்குள் இடம் மாறிவிடும். மாறாதது வேறு நோயாக இருக்கலாம்.

மருந்துகள்

வீட்டிலிருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பெயர் எழுதாத கடதாசிப் பையில் வந்த குளிசை என்றால், தந்த இடத்தில் கேட்டுப் பெயரை எழுதுவியுங்கள். சித்த வைத்தியரிடம் எடுத்த கசாயம், எண்ணெய், சூரணமும் அந்தப் பையில் இருக்கவேண்டும். மறைக்கத் தேவையில்லை, டொக்டர் பேசினாலும் பரவாயில்லை. எதை எடுக்கிறீர்கள் என்று தெரியாமல் அவர் சரியாக முடிவெடுக்க முடியாது.

தோல் குத்துச் சோதனைக்கு முதல் அன்டிஹிஸ்டமின் மருந்துகளை நிறுத்தச் சொல்வார்கள். பிரிற்றன் எனப்படும் குளோர்பெனிரமின், செற்றிரிசின், லோராட்டடின், பெக்ஸோபெனடின் எல்லாம் இந்த வகைதான். மருந்தைப் பொறுத்து 3 முதல் 7 நாள்வரை இருக்கும், உங்களுக்கு எத்தனை நாள் என்பதைக் கிளினிக்தான் சொல்லவேண்டும். தடிமன் பாணி பலவற்றில் குளோர்பெனிரமின் கலந்திருக்கும், ஆகவே போத்தலின் லேபலைப் பாருங்கள். நித்திரைக்கோ நரம்பு நோவுக்கோ தரும் அமிற்றிப்டிலினும் சோதனையை மழுக்கும். அதை நீங்களாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை விட்டால் கடி தாங்கமுடியாமல் போகிறவர்களும் கிளினிக்குக்குச் சொல்லவேண்டும். அவர்களுக்கு இரத்தச் சோதனை செய்யலாம், அதற்கு எந்த மருந்தையும் நிறுத்தத் தேவையில்லை.

தொய்வுக்கு எடுக்கும் பம்பை ஒருபோதும் நிறுத்தவேண்டாம். அது சோதனையைப் பாதிக்காது. தொய்வு கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குச் சோதனை செய்வதுதான் ஆபத்து. இரத்த அழுத்தத்துக்கும் இருதயத்துக்கும் தரும் அற்றினோலோல், புரொப்ரனோலோல் போன்றவற்றையும் தன்னிச்சையாக விடக்கூடாது, ஆனால் எடுப்பதைக் கட்டாயம் சொல்லவேண்டும். அவை உடம்பில் இருக்கும்போது பெரிய தாக்கம் வந்தால் அட்ரினலின் சரியாக வேலைசெய்யாமல் போகலாம். கர்ப்பமாக இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"எனக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது" என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறவர்கள், அது எப்படித் தெரிந்தது என்று தாய் தகப்பனிடம் கேட்டுப் போங்கள். அப்படிச் சொல்கிறவர்களை முறையாகச் சோதித்தால் பெரும்பாலானோருக்கு உண்மையான ஒவ்வாமை இல்லை என்று தெரியவந்திருக்கிறது. ஒருவேளை அந்த மருந்து உங்களுக்குத் திரும்பக் கிடைக்கலாம். ஆனால் அதை வீட்டில் போட்டுப் பார்க்கவேண்டாம்.

பிள்ளையின் சாப்பாட்டை வெட்டாதீர்கள்

எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். பிள்ளைக்குக் கரப்பான் வந்தவுடன் "கிரந்திச் சாப்பாடு" என்று முட்டை, மீன், பால், தக்காளி, கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கிளினிக் திகதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. பிள்ளை மெலியும். பிரச்சினையில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த உணவை நீண்டகாலம் நிறுத்தினால், திரும்பக் கொடுக்கும்போது சிலருக்குப் புதிதாக ஒவ்வாமை கிளம்பியும் இருக்கிறது. சாப்பிட்டவுடன் தெளிவாகத் தாக்கம் தந்ததை மட்டும் நிறுத்துங்கள், மற்றதைக் கொடுங்கள். அம்மம்மாவும் அப்பம்மாவும் பத்தியம் சொல்வது பிள்ளையில் உள்ள பாசத்தால்தான். அவர்களில் ஒருவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் டொக்டர் வாயாலேயே கேட்கவைப்பது வீட்டுக்கு நல்லது.

பசுப்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு ஆட்டுப்பால் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. அது பாதுகாப்பில்லை. இரண்டின் புரதமும் மிக நெருங்கியவை, பசுப்பாலுக்குத் தாக்கம் வரும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு ஆட்டுப்பாலுக்கும் வரும். பதிலாக எதைக் கொடுப்பது என்பது டொக்டரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று.

போகும் நாள்

அடையாள அட்டை, கடிதம், பழைய கிளினிக் கொப்பி, முந்தைய இரத்தச் சோதனை முடிவுகள், பிள்ளை என்றால் வளர்ச்சிப் பதிவுப் புத்தகம். விடிய வேளைக்கே போய் இலக்கம் எடுங்கள். வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால் சாப்பிட்டுவிட்டே போகலாம். முழங்கைவரை இலகுவாக மடிக்கக்கூடிய சட்டை போடுங்கள். முன்கையில் கிறீமோ எண்ணெயோ பூசவேண்டாம். பிள்ளைக்கு ஒரு விளையாட்டுச் சாமானும் அதற்கு ஒத்துக்கொள்ளும் சாப்பாடும் கையில் இருக்கட்டும், காத்திருப்பு நீளும். சந்தேகமான சாமானைக் கொண்டுவரச் சொல்லியிருந்தால் மட்டும், தனிப் போத்தலில் நன்றாக மூடிக் கொண்டுபோங்கள்.

சோதனை எப்படி நடக்கும்

குத்துச் சோதனையில் முன்கையில் பேனையால் அடையாளம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துளி சாறு விட்டு, நுனி ஊசியால் மேல்தோலை மட்டும் லேசாகக் குத்துவார்கள். இரத்தம் வராது, சின்னப் பிள்ளைகளும் தாங்கிக்கொள்வார்கள். ஒரு துளி வெறும் உப்புநீர், ஒன்று ஹிஸ்டமின். முதலாவது தடிக்கக்கூடாது, இரண்டாவது தடிக்கவேண்டும். ஹிஸ்டமினே தடிக்கவில்லை என்றால் உடம்பில் இன்னும் மருந்து நிற்கிறது என்று கொள்வார்கள். 15 முதல் 20 நிமிடத்தில் தடிப்பை அளப்பார்கள். உப்புநீர் இடத்தைவிட 3 மில்லிமீற்றராவது பெரிதாக இருந்தால் அது நேர்முடிவு. கடித்தாலும் சொறியவேண்டாம். பெரிய தாக்கம் வருவது மிக அரிது, என்றாலும் சற்று நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னால் இருங்கள்.

பாதீனியம், நகை, சாயம் போன்றவற்றுக்கு ஒட்டுச் சோதனை. முதுகில் ஒட்டி 48 மணித்தியாலம் விடுவார்கள், அதன்பின் ஓரிரு நாள் கழித்துத் திரும்பவும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக்கூடாது, வியர்க்கக்கூடாது. கிணற்றடியில் அள்ளிக் குளிக்கமுடியாது. ஆகவே தேர்த் திருவிழாவோ அறுவடையோ வரும் கிழமையில் திகதி எடுக்கவேண்டாம்.

முடிவு கையில் வந்தபின்

நேர்முடிவு வந்தால் அந்த உணவு உங்களுக்கு ஒவ்வாமை என்று அர்த்தமில்லை. உடம்பு அதை அடையாளம் கண்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். இறாலுக்கு நேர்முடிவு வந்தவர் நேற்றுவரை இறால் பொரியல் சாப்பிட்டு நலமாக இருந்திருந்தால், டொக்டர் அவரைத் தொடர்ந்து சாப்பிடச் சொல்லலாம். இதனால்தான், டொக்டரைப் பார்க்கமுதல் பெரிய பட்டியலாக ஒவ்வாமை இரத்தச் சோதனைகளைக் காசு கொடுத்துச் செய்விக்கவேண்டாம் என்று சொல்கிறேன். குறிப்பாக உணவுகளுக்கு ஐஜிஜி (IgG) என்ற எதிர்ப்புரதத்தை இரத்தத்தில் அளக்கும் சோதனை ஒவ்வாமையைக் கண்டறிய உதவாது. அது நீங்கள் எதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும்.

6 கிழமைக்கு மேலாக அடிக்கடி தடிப்பு வருகிறவர்களுக்குச் சோதனையே தேவையில்லை என்று சொல்லக்கூடும். டொக்டர் கவனிக்கவில்லை என்று மனம் நோகவேண்டாம். நாட்பட்ட தடிப்பில் உணவு காரணமாக இருப்பது அரிது. ஒழுங்காக மருந்து எடுப்பதே அதற்கு வழி, பலருக்குக் காலப்போக்கில் தானாகவே விட்டுவிடும்.

எழும்பமுன் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எதை முற்றாக விடவேண்டும், எதைப் பயமில்லாமல் சாப்பிடலாம், திரும்பத் தாக்கம் வந்தால் முதலில் என்ன செய்வது, அட்ரினலின் வீட்டில் வைத்திருக்கவேண்டுமா, வேண்டுமென்றால் எந்த வடிவில் கிடைக்கும், யார் போடுவது. நெடுந்தீவு, அனலைதீவு போன்ற இடங்களில் இருப்பவர்கள், பெரியாஸ்பத்திரிக்கு வரக் கடல் கடக்கவேண்டும் என்பதை டொக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும். கொழும்பிலிருந்து வந்த ஒரு டொக்டருக்கு அந்தத் தூரம் தெரியாமல் இருக்கலாம், கடைசிப் படகு போனபின் என்ன செய்வதென்று அவரும் உங்களோடு சேர்ந்து யோசிக்கவேண்டும்.

கிடைத்த பதில்களை இரண்டு தாளில் பிரதி எடுங்கள். ஒன்று அடுப்படியில், சமைக்கிறவர் கண்ணில் படும் இடத்தில். மற்றது பிள்ளையின் வகுப்பாசிரியரிடம், அல்லது வேலைத்தலத்தில் உங்கள் பக்கத்து மேசைக்காரரிடம். கலியாண வீட்டுக்கும் அந்தியேட்டி வீட்டுக்கும் போகும்போது தாளின் படம் ஒன்று தொலைபேசியில் இருந்தால், சமையல்காரரிடம் நேரே காட்டி எந்தக் கறிக்குள் கச்சான், கஜு, இறால் போட்டிருக்கிறது என்று கேட்கலாம்.